சும்மா இருப்பதற்கு எத்தனை வாட்?

பதிவு நீளமானது. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஒரே சண்டை. பள்ளியின் பழைய குரூப் போட்டோக்கள், ஆண்டு விழா வீடியோக்கள், நீங்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு கணினியில் போட வேண்டும். அந்தக் கணினி ஊரிலேயே இருக்கும் நம் மாணவன் ஒருவன் வீட்டில் இரவும் பகலும் ஓட வேண்டும். யார் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். இதுவரை அருமையான யோசனை. "சரி, எந்தக் கணினி?" என்ற கேள்வி வந்ததும்தான் வம்பு ஆரம்பித்தது.

ஒரு கட்சி, பெரிய கம்பெனிகள் கழித்துப்போட்ட ராக் சர்வரை வாங்கலாம் என்கிறது. இன்னொரு கட்சி, ஐந்து ராஸ்பெர்ரி பை பலகைகளை அடுக்கி "கிளஸ்டர்" கட்டலாம் என்கிறது. மூன்றாவது கட்சி, தலைவலியே வேண்டாம், கிளவுடில் மாத வாடகை கட்டிவிடலாம் என்கிறது. முதல் இரண்டையும் நான் முழுசாக எதிர்க்கிறேன். மூன்றாவதைப் பாதி எதிர்க்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

"டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று ஒரு தம்பி சிரிப்பு பொம்மையோடு கேட்டிருந்தான். நியாயமான கேள்வி. நான் இன்ஜினியர் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமா முடித்துவிட்டு நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் எடுத்தவள். ஆனால் நீங்கள் அடித்துக்கொள்ளும் விஷயம் இன்ஜினியரிங் இல்லை கண்ணுகளா. ஏழாம் வகுப்புப் பெருக்கல். அதில் எனக்குப் பேச உரிமை உண்டு. தவிர, என் வீட்டு அலமாரியில் ரவுட்டருக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி ஒன்று ஐந்து வருடமாக இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

முதலில் சர்வர் என்றால் என்ன என்று பார்ப்போம். ஹோட்டல் சர்வரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் வந்தால் பரிமாறுவார். வராத நேரத்தில் தோளில் துண்டோடு நின்றுகொண்டிருப்பார். வீட்டில் வைக்கும் சர்வர் இருபத்து நாலு மணி நேரத்தில் இருபத்து மூன்றரை மணி நேரம் நிற்கத்தான் போகிறது. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு வேகம்?" அல்ல. "சும்மா நிற்பதற்கு எத்தனை வாட்?" என்பதுதான். இந்தக் கேள்வியை உங்கள் இரண்டு கட்சியிலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் கோபத்துக்குக் காரணம் அதுதான்.

கணக்கைப் போடுவோம். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரே ஒரு வாட், வருடம் முழுக்க ஓடினால் 24 × 365 = 8,760 வாட் மணி. அதாவது 8.76 யூனிட். 10 வாட் இழுக்கும் பெட்டி வருடத்துக்கு 87.6 யூனிட். 100 வாட் இழுக்கும் பெட்டி 876 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முதலாவதுக்கு ஏறக்குறைய 700 ரூபாய், இரண்டாவதுக்கு 7,000 ரூபாய். ஐந்து வருடத்தில் 3,500 எங்கே, 35,000 எங்கே! இரண்டும் செய்யப்போவது ஒரே வேலை. உங்கள் எட்டாம் வகுப்புக் குரூப் போட்டோவைக் காட்டுவது.

நம் ஊர் கரண்ட் பில்லில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 60 நாளில் 100 வாட் பெட்டி 144 யூனிட் தின்னும். 400 யூனிட்டில் நிற்கும் ஒரு குடும்பத்தை அது 544-க்குத் தள்ளிவிடும். 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடும். 10 வாட் பெட்டி அதே 60 நாளில் 14.4 யூனிட்தான் எடுக்கும். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

இந்த பில்லை யார் கட்டப்போகிறார்கள்? பெங்களூரிலும் டல்லஸிலும் உட்கார்ந்துகொண்டு "நல்ல பவர்ஃபுல்லா வாங்குங்கப்பா" என்று எழுதுகிறவர்களா? இல்லை. பெட்டியைத் தன் வீட்டில் வைக்கச் சம்மதித்த பையன் கட்டப்போகிறான். பெட்டி வாங்க எல்லோரும் ஒருமுறை பணம் போடுவோம், கை தட்டுவோம், போட்டோ எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லுக்கு யாரும் கை தட்டமாட்டார்கள். அவன் வாய் திறந்து கேட்கமாட்டான், எனக்குத் தெரியும். ஒருநாள் சத்தமில்லாமல் பிளக்கைப் பிடுங்கிவிடுவான். அவன்மேல் தப்பு சொல்ல முடியுமா?

இனி ராக் சர்வர் கட்சிக்கு வருகிறேன். விலை குறைவு, இரண்டு ஜியான் பிராசசர், நிறைய ராம் என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அது குளிரூட்டிய அறையில், நூறு பேருக்கு ஒரே நேரத்தில் வேலை செய்யப் பிறந்தது. இரண்டு பிராசசர் வைத்த பழைய ராக் சர்வர் சும்மா நிற்கும்போதே 100 வாட்டுக்கு மேல் இழுப்பது சாதாரணம். தட்டையான அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஃபேன்கள் வேகமாகச் சுற்றி விசிலடிக்கும். பக்கத்து அறையில் குழந்தை தூங்காது. இழுத்த மின்சாரம் எங்கே போகிறது? அறிவியல் வகுப்பை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்: கிட்டத்தட்ட அத்தனையும் வெப்பமாகிறது. சித்திரை வெயிலில் மூடிய அறையில் 100 வாட் ஹீட்டர் வைத்ததற்குச் சமம். அந்த அறையில் ஏசி ஓடினால் அந்த வெப்பத்தை வெளியே தள்ள இன்னும் ஒரு 30 வாட். காசு கொடுத்துச் சூடாக்கி, காசு கொடுத்துக் குளிரவைப்பதற்கு என்ன பெயர்?

இவ்வளவும் எத்தனை வேலைக்கு என்று பாருங்கள். நம்மிடம் இருப்பது ஏறத்தாழ 4,000 படங்கள். ஸ்கேன் ஒன்று 5 எம்பி என்றால் மொத்தம் 20 ஜிபி. பென் டிரைவில் அடங்கிவிடும் தம்பிகளா! வீடியோக்களையெல்லாம் சேர்த்தாலும் 1 டிபி எஸ்எஸ்டியில் பாதிகூட நிறையாது. பார்ப்பவர்களுக்கு வேகம் வேண்டுமென்றால், தடுக்கப்போவது கணினி இல்லை, வீட்டு இணைய இணைப்பு. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 எம்பிக்கு மேல் வெளியே போகாது. சின்னப் பெட்டியின் சாதாரண ஜிகாபிட் நெட்வொர்க் கார்டே அதைப் போல பத்து மடங்கு தாங்கும். வாய்க்கால் சிறுத்திருக்கும்போது கிணற்றில் பெரிய மோட்டாரை இறக்கி என்ன பயன்?

அடுத்தது கிளஸ்டர் கட்சி. கிளஸ்டரை நான் மட்டம் தட்டவில்லை. 1994-இல் அமெரிக்காவின் நாசா கோடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் இருவரும் கடையில் கிடைக்கும் சாதாரண கணினிகள் 16-ஐ ஒன்றாகக் கோத்து "பியோவுல்ஃப்" என்ற கிளஸ்டரைக் கட்டினார்கள். ஒரு கணினியால் முடியாத பெரிய கணக்கைப் பங்கு போட்டுச் செய்ய அது தேவைப்பட்டது. நம்மிடம் அப்படிப் பங்கு போட என்ன கணக்கு இருக்கிறது? ஒரு போட்டோவை எடுத்துக் கொடுக்க ஐந்து பேர் எதற்கு?

"ஒன்று கெட்டால் இன்னொன்று ஓடும் டீச்சர்" என்கிறீர்கள். ஐந்து பலகையும் ஒரே பிளக் பாயிண்டில், ஒரே ஸ்விட்சில், ஒரே ரவுட்டரில்தானே தொங்கப்போகின்றன? கரண்ட் போனால் ஐந்தும் சேர்ந்து போகும். லைன் அறுந்தால் ஐந்தும் சேர்ந்து ஊமையாகும். படங்கள் ஒரே டிஸ்கில் இருந்தால், டிஸ்க் போன அன்று ஐந்து பலகையும் பார்த்துக்கொண்டு நிற்கும். படங்களை ஐந்திலும் பரப்பி வைத்தால், அதைப் பராமரிக்க ஒரு நிபுணர் வேண்டும். அந்த நிபுணருக்கு அடுத்த வருடம் ஆன்சைட் கிடைத்துவிட்டால் ஊரில் யார் பார்ப்பது? ஒரு பெட்டியாக இருந்தால், பக்கத்து வீட்டு பிளஸ் டூ பெண்ணுக்குக்கூடச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

குபெர்னெட்டிஸ் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் தாராளமாகக் கிளஸ்டர் கட்டுங்கள். உங்கள் மேஜையில், உங்கள் காசில் கட்டுங்கள். கற்றுக்கொள்வதற்காகச் செலவு செய்யும் மாணவனை எந்த ஆசிரியர் தடுப்பார்? ராஸ்பெர்ரி பையே குழந்தைகள் நிரல் எழுதிப் பழக வேண்டும் என்று இங்கிலாந்தில் பிறந்ததுதான். 2012-இல் முதல் பலகை 35 டாலருக்கு வந்தது. ஆனால் படிப்புக்கான கருவியை ஊர்ப் பொதுச் சொத்தின் காவலுக்கு நிறுத்தாதீர்கள். மேலும், இப்போதைய பை 5-ஐ வாங்கினால் பலகையோடு கதை முடியாது. 27 வாட் அடாப்டர், கூடு, ஃபேன், எஸ்எஸ்டி, அதைப் பொருத்த இன்னொரு குட்டிப் பலகை என்று பட்டியல் நீளும். செலவு மிச்சம் என்று மெமரி கார்டிலேயே ஓட்டினால், ஓயாமல் எழுதி எழுதி அந்தக் கார்டு தேய்ந்து ஒருநாள் கைவிடும். நம் ஆண்டு விழா வீடியோக்களை ஒவ்வொருவர் போனுக்கும் தகுந்தபடி உடனுக்குடன் மாற்றித் தருவதற்கான தனி வன்பொருளும் பை 5-இல் கிடையாது. விளம்பரப் பலகை, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் கருவி, விளம்பரத்தை வடிகட்டும் பை-ஹோல் போன்ற சின்ன வேலைகளுக்கு அது தங்கம். மூன்று நான்கு வாட்டில் நாள் முழுக்க நிற்கும். நம் வேலைக்கு அதைவிடப் பொருத்தமானவை இருக்கின்றன.

அவை என்ன? என் வரிசை இதோ.

முதலாவது, உங்கள் வீட்டுப் பரணில் தூங்கும் பழைய லேப்டாப். 2011-இல் தொடங்கி அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப் உங்களில் எத்தனை பேரிடம் சும்மா கிடக்கிறது? பேட்டரியில் ஓட வேண்டும் என்பதற்காகவே லேப்டாப்பைக் குறைந்த மின்சாரத்தில் வடிவமைக்கிறார்கள். திரையை அணைத்துவிட்டால் இன்னும் குறையும். விண்டோஸை எடுத்துவிட்டு டெபியன் லினக்ஸ் போட்டு, பழைய டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டினால் கதை பார்க்கப் புதிதாக எழுந்து உட்காரும். ஒரே ஒரு எச்சரிக்கை: பேட்டரி உப்பியிருந்தால் தொடவே தொடாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றிவிடுங்கள்.

இரண்டாவது, அலுவலகங்கள் கழித்துவிடும் குட்டி டெஸ்க்டாப். லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி என்று பெயர் வேறு வேறு. மூன்றுமே ஒரு லிட்டர் பால் பாக்கெட் பிடிக்கும் இடத்தில் அடங்குபவை. சும்மா நிற்கும்போது 10 வாட்டை ஒட்டித்தான் எடுக்கும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதனால் நல்ல உடம்போடு இருக்கும் பெட்டிகள் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. லினக்ஸுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் விசாரித்துப் பாருங்கள். குப்பையில் சேர இருந்த ஒன்று இன்னும் ஐந்து வருடம் உழைப்பது புதிய பெட்டி வாங்குவதைவிடப் புண்ணியம்.

மூன்றாவது, புதிதுதான் வேண்டும் என்றால் இன்டெல் என்100 பிராசசர் வைத்த மினி பிசி. 2023-இல் வந்தது. நான்கு கோர். வீடியோவை மாற்றித் தரும் திறமையும் உண்டு. ஆனால் "6 வாட்" என்று விளம்பரத்தில் பார்த்து ஏமாறாதீர்கள். அது பிராசசருக்கு மட்டும் சொன்ன வெப்ப அளவு. ராம், டிஸ்க், நெட்வொர்க் எல்லாம் சேர்ந்த பெட்டியின் கணக்கு வேறு. அதேபோல அடாப்டரில் 65 வாட் என்று அச்சடித்திருந்தால் எப்போதும் 65 வாட் இழுக்கிறது என்று அர்த்தமில்லை. அது அடாப்டர் தரக்கூடிய அதிகபட்சம். பானை பத்து லிட்டர் என்பதற்காக நீங்கள் தினமும் பத்து லிட்டரா குடிக்கிறீர்கள்?

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்து. அளந்து பாருங்கள். உங்கள் வீட்டு டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. ஒரு பல்பை மட்டும் எரியவிட்டு மற்றதையெல்லாம் அணைத்து 15 நிமிடம் மினுக்குகளை எண்ணுங்கள். பிறகு பல்போடு கணினியையும் போட்டு இன்னொரு 15 நிமிடம் எண்ணுங்கள். கூடுதலாக வந்த மினுக்குகளை ஒன்றேகாலால் பெருக்கினால் கணினியின் வாட் கிடைத்துவிடும். 8 மினுக்கு கூடினால் 10 வாட். 80 கூடினால் 100 வாட். மீட்டரைத் தொட வேண்டாம், தள்ளி நின்று பார்த்தால் போதும். பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் கிடையாது.

இப்போது கிளவுட் கட்சி. நீங்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. வீடு தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் வெளியே ஒரு பிரதி இருக்க வேண்டும். அதற்குக் கிளவுட் நல்லது. ஆனால் அங்கே மட்டும் வைப்பது வாடகை வீட்டில் பாட்டனாரின் பெட்டியை வைப்பது போல. விதி எப்போது மாறும் என்று நமக்குத் தெரியாது. கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாகப் போட்டுக்கொண்டிருந்தோமே, 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு அது நின்றது. பிறகு எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். அவர்கள் கடை, அவர்கள் விதி. குறை சொல்ல முடியாது. ஆனால் நம் பள்ளியின் நினைவு, யாரோ ஒருவருடைய கிரெடிட் கார்டு காலாவதியாகாமல் இருப்பதை நம்பி இருக்கக்கூடாது.

"எங்கள் வீட்டில் சோலார் இருக்கிறது, கரண்ட் இலவசம்" என்று ஒரு மாப்பிள்ளை எழுதியிருந்தார். பகலில் சரி மாப்பிள்ளை. சர்வர் இரவிலும் ஓடுகிறதே? மின்வெட்டு வந்தால் இன்வெர்ட்டர்தானே தாங்க வேண்டும்? 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரியில் 1,800 வாட் மணி இருக்கிறது. பாதியைத்தான் பயன்படுத்துகிறோம் என்றால் 900. அதில் 100 வாட் பெட்டி மட்டும் 9 மணி நேரத்தில் காலி செய்துவிடும். ஃபேனும் லைட்டும் அதற்கப்புறம் எதைக் குடிக்கும்? 10 வாட் பெட்டி என்றால் அந்த பேட்டரி ஃபேனுக்கும் லைட்டுக்கும் மிச்சம் வைக்கும்.

"ஏஐ மாடல் எல்லாம் வீட்டிலேயே ஓட்டணுமே டீச்சர்" என்பவர்களுக்கு: ஓட்டுங்கள். அதற்குப் பெரிய கணினி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். வேலை இருக்கும்போது போடுங்கள், முடிந்ததும் அணையுங்கள். கல்யாணத்துக்கு அண்டா வாடகைக்கு எடுப்போம். அதற்காகத் தினமும் அண்டாவிலா சோறு வடிக்கிறோம்?

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன் என்றால், மிச்சமாகும் பணத்துக்கு எனக்கு வேறு வேலை இருக்கிறது. பிரதி எடுக்க வேண்டும். அந்தக் குரூப் போட்டோக்களில் பலவற்றுக்கு நெகட்டிவ் இல்லை. ஒரே அச்சு, அதுவும் பூஞ்சை பிடித்தது. அதில் இருக்கும் சிலர் இப்போது உயிரோடு இல்லை. சிலருடைய பெற்றோரிடம் பிள்ளையின் வேறு படமே கிடையாது. பெரிய சர்வரில் நான்கு டிஸ்கைச் சேர்த்து ரெய்டு போட்டாலும் அது பிரதி ஆகாது. ஒருவர் தெரியாமல் அழித்தால் நான்கிலும் சேர்ந்து அழியும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். இந்த 3-2-1 விதியைச் சின்னப் பெட்டியும் இரண்டு வெளி டிஸ்குகளும் வைத்துக்கொண்டே நிறைவேற்றலாம். ராக் சர்வரின் ஒரு வருட பில் மிச்சமானாலே ஒரு வெளி டிஸ்குக்கு வழி பிறக்கும்.

ஆகவே என் தீர்மானம் இது. குட்டி டெஸ்க்டாப் ஒன்று, பழையது போதும், 8 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி. படங்களுக்கு இம்மிச், வீடியோவுக்கு ஜெல்லிஃபின். இரண்டும் இலவசம். வெளி உலகத்துக்குக் கதவைத் திறந்து போடாமல் வயர்கார்டு வழியாக நம் ஆட்கள் மட்டும் உள்ளே வர வேண்டும். வாரம் ஒருமுறை வெளி டிஸ்கில் பிரதி. மாதம் ஒருமுறை இன்னொரு டிஸ்கில் எடுத்து வேறு ஊரில் இருப்பவரிடம் கொடுப்பது. கரண்ட் பில்லுக்கு வருடம் 1,000 ரூபாய், கேட்காமலே அந்தப் பையன் கையில் கொடுத்துவிடுவது. இதே போல இன்னொரு பெட்டி வாங்கி, கிவிக்ஸ் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவையும் கொலிப்ரியில் பாடங்களையும் ஏற்றி நம் பள்ளிக்குக் கொடுத்தால், இணையம் இல்லாத நாளிலும் பிள்ளைகள் படிப்பார்கள். தலைமையாசிரியரும் மின்கட்டணத்தைப் பார்த்துப் பயப்படமாட்டார்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. "பவர்ஃபுல்", "எண்டர்பிரைஸ் கிரேடு", "ஸ்கேல் ஆகும்" என்ற வார்த்தைகளோடு வராதீர்கள். மீட்டருக்கு முன்னால் 15 நிமிடம் நின்று எண்ணிய எண்ணோடு வாருங்கள். கமெண்டில் கணினியின் பெயர், சும்மா நிற்கும்போது எத்தனை வாட், இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட். மூன்றே வரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வரவேண்டும். வழிமுறையோடு எழுதாத விடைக்கு மதிப்பெண் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்